‘நாட் செலக்டட்’ என்று மெசேஜ் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீடு குலசேகரம் பக்கம். மகள் மூன்றாம் வகுப்பு வரை ஊரிலேயே தமிழ் மீடியத்தில் படித்தாள். இந்த ஜூனில்தான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் நாலாம் வகுப்பு சேர்த்தோம். ஐந்தாம் வகுப்பிலிருந்து ‘கிஃப்டட் புரோகிராம்’ தொடங்குகிறோம், 20 பிள்ளைகளை எடுப்போம் என்று சொல்லி வெளியிலிருந்து ஒரு கம்பெனியை வைத்து டெஸ்ட் நடத்தினார்கள். ஒரு மணி நேரம், 60 கேள்வி, எல்லாம் ஆங்கிலம், ஓஎம்ஆர் தாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ‘நாட் செலக்டட்’ என்று மட்டும் வந்தது, மார்க் கூடச் சொல்லவில்லை. அதே வகுப்பில் படிக்கும் என் நாத்தனார் மகளுக்குக் கிடைத்துவிட்டது. மகள் மே மாதக் கடைசியில் பிறந்தவள், வகுப்பிலேயே சின்னவள், ஆனால் கணக்கில் கெட்டி. தாத்தாவின் ரப்பர் கணக்கு முழுவதும் அவள்தான் நோட்டில் எழுதுகிறாள் (இரண்டு பக்கம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்). இப்போது ‘நான் மண்டா அம்மா?’ என்று கேட்கிறாள். அவள் அப்பா கத்தாரில் இருக்கிறார், விட்டுவிடு என்கிறார். மாமனார் தெரிந்த ஒரு பெரிய ஆளை வைத்துப் பேசலாம் என்கிறார். ரிவியூ கேட்க மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அமெரிக்காவில் எல்லாம் தனியாக ஐக்யூ டெஸ்ட் எடுத்து அப்பீல் போடுகிறார்களாமே, திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் எடுக்கட்டுமா? மனு எப்படி எழுதுவது?

பதில்: சகோதரி, மனு கொடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் விட்டுவிடச் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் உங்கள் கடிதத்துக்குள்ளேயே மூன்று நல்ல காரணங்கள் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நாத்தனார் மகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (மேலே நான் அதைச் சுருக்கிவிட்டேன்).

இந்த மாதிரி மனுக்களைப் பெற்றோருக்கு எழுதிக் கொடுப்பதும் பள்ளிக் குழுவில் உட்கார்ந்து படிப்பதும் எனக்கு வேலை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பிள்ளை ரொம்பக் கெட்டி, ரெண்டு வயசிலேயே பாட்டு முழுக்கச் சொல்வாள், எல்லாப் பாடத்திலும் ஏ-ஒன், ராத்திரி எல்லாம் அழுகிறாள், தயவுசெய்து பார்த்துச் செய்யுங்கள். இதைப் படிக்கும் குழு என்ன செய்ய முடியும்? தேர்வான 20 பிள்ளைகளின் அம்மாக்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். குழுவுக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். அன்றைக்கு அளந்த விதத்தில் கோளாறு ஏதாவது உண்டா? டெஸ்ட்டில் வராத புதுத் தகவல் ஏதாவது உங்களிடம் உண்டா? இந்த இரண்டில் ஒன்றைக் காட்டினால்தான் மூடிய ஃபைலைத் திறக்க அவர்களுக்கே ஒரு காரணம் கிடைக்கும். மகளின் பெருமையை விட்டுவிட்டு அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதுங்கள்.

முதல் காரணம் மொழி. மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு சில மாதம் முன்புதான் ஆங்கில வழிக்கு வந்த பிள்ளைக்கு, ‘பூட்டுக்குச் சாவி என்றால் இதற்கு எது’ என்கிற மாதிரிக் கேள்வியை ஆங்கிலத்தில் கொடுத்தால், அவள் முதலில் வார்த்தையை மொழிபெயர்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் யோசிக்கவே ஆரம்பிக்க முடியும், கடிகாரமோ எல்லோருக்கும் ஒன்றுதான். அவளிடமிருந்து இந்த டெஸ்ட் அளந்தது பாதி ஆங்கிலம். சொற்கள் இல்லாமல் படங்களையும் வடிவங்களையும் மட்டும் வைத்துக் கேட்கும் டெஸ்டுகள் இருக்கின்றன. ராவன்ஸ் மேட்ரிசஸ் என்பது 1938-இலிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அதில் கலர் பதிப்பே தனியாக உண்டு, 36 கேள்வி. ‘அப்படி ஒன்றில் அவளைப் பார்க்க முடியுமா’ என்று கேட்பது நியாயமான கோரிக்கை, எந்தப் பள்ளியும் கோபப்படாது.

இரண்டாவது வயது. இதைத்தான் நிறைய பேர் தவற விடுகிறார்கள். முறையான டெஸ்டுகளில் மதிப்பெண்ணை வயதோடு ஒப்பிடுவார்கள், அதுவும் சில மாத இடைவெளியில் தனித்தனி அட்டவணை இருக்கும். கம்பெனிகள் நடத்தும் பல டெஸ்டுகளில் இந்தச் சிரமம் எல்லாம் இல்லாமல் வகுப்பு முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்தி மேலிருந்து 20 பேரை எண்ணிவிடுகிறார்கள். அப்படி எண்ணினால் முந்தின ஜூனில் பிறந்த பிள்ளையும் மே கடைசியில் பிறந்த உங்கள் மகளும் ஒன்று. ஒன்பது வயதில் பதினோரு மாதம் என்பது சின்ன வித்தியாசம் இல்லை. மதிப்பெண் வயதுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டதா, வகுப்புக்கு ஏற்பவா என்று ஒரு வரியில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பள்ளியிடம் பதில் இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு, அப்படிப் போனால் அது உங்கள் பக்கம்தான்.

மூன்றாவது அந்த ஓஎம்ஆர் தாள். வாழ்க்கையில் முதல்முறை வட்டத்துக்குக் கருப்படித்த நாலாம் வகுப்புப் பிள்ளை, தெரியாத ஒரு கேள்வியை விட்டுவிட்டு, தாளில் அந்த வரியை விட மறந்துவிட்டால் என்ன ஆகும்? 23-ஐ விட்டாள் என்று வையுங்கள். 24-க்கான விடை 23-இல், 25-க்கானது 24-இல், இப்படியே கடைசி வரை ஒவ்வொரு வரி மேலே ஏறி நிற்கும். மெஷினுக்கு அது எதுவும் தெரியாது, தப்பு என்று போட்டுவிட்டுப் போய்விடும். இதைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓர் இடத்திலிருந்து வரிசையாகத் தப்பாக இருக்கிறதா, ஒரு வரி தள்ளிப் பார்த்தால் சரியாக வருகிறதா என்று பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. ‘தாளை உங்கள் முன்னிலையில் பார்க்க அனுமதியுங்கள்’ என்று கேளுங்கள். வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள், கம்பெனி ஒத்துக்கொள்ளாது, அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே மொத்த மனுவையும் தள்ளிவிடுவார்கள்.

இனி அந்த நோட்டு. நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி, பால் எத்தனை, ஷீட் (பாலை உறைய வைத்துக் காயப்போட்ட ரப்பர் தகடு) எத்தனை என்று கோடு போட்டிருக்கிறாள், மழை பெய்த நாளுக்கு மட்டும் ஓரத்தில் குட்டியாக ஒரு குடை. இது வரைக்கும் தாத்தா சொல்லிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கிறதே ஒன்று, அதைக் கவனித்தீர்களா? ‘குட நாளுக்கு அடுத்து பால் கூட, ஷீட் கொறவு. தண்ணி செரட்டயில விழுதா மரத்துக்குள்ளயே போவுதா?’ என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறாள். (செரட்ட என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கொட்டாங்குச்சி.) எழுத்துப்பிழை கிடக்கட்டும். ரப்பர் பாலில் ரப்பர் சுமார் 30 முதல் 40 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர், மழைக்காலத்தில் அந்த விகிதம் இன்னும் குறையும். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தானாகக் கணக்கு எழுதி, அதில் ஒரு ஒழுங்கைப் பார்த்து, அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று பிரித்துவிட்டாள், ஒன்பது வயதில். எந்த 60 கேள்வித் தாளும் இதைக் கேட்காது. நான் குழுவில் உட்கார்ந்திருந்தால் ஏ-ஒன் சர்டிபிகேட்டை ஓரமாக வைத்துவிட்டு இந்தப் பக்கத்தைத்தான் கையில் எடுப்பேன். அதைத் திருத்தாமல், அழகாகத் திரும்ப எழுதச் சொல்லாமல், அப்படியே நகலெடுத்து மனுவோடு இணையுங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ, உங்களுக்கு எது கைவருகிறதோ அதில் எழுதுங்கள். இப்படி ஆரம்பிக்கலாம்:

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளின் தேர்வு முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவள் இந்தக் கல்வியாண்டில்தான் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறியவள். தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வகுப்பில் வயதில் மிக இளையவள். மதிப்பெண் வயதுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டதா என்பதை அறிய விரும்புகிறேன். ஓஎம்ஆர் தாளை அவள் பயன்படுத்தியது இதுவே முதல்முறை. தாளைத் தங்கள் முன்னிலையில் ஒருமுறை பார்க்க அனுமதி வேண்டுகிறேன். அவள் வீட்டில் தானாக எழுதிவரும் குறிப்பின் இரண்டு பக்கங்களை இணைத்துள்ளேன். மொழி சாராத ஒரு தேர்வின் மூலமோ ஆசிரியரின் நேரடி மதிப்பீட்டின் மூலமோ அவளை மீண்டும் பார்க்க வாய்ப்பளிக்குமாறு வேண்டுகிறேன்.”

இவ்வளவு போதும். நாத்தனார் மகள் பெயர் எங்கேயும் வரக்கூடாது, மனுவிலும் சரி, நேரில் பேசும்போதும் சரி. ‘அவளுக்குக் கிடைத்தது, இவளுக்கு ஏன் இல்லை’ என்ற ஒரு வாக்கியம் வாயில் வந்தால் அப்புறம் அவர்கள் காதில் விழுவது குடும்பச் சண்டை மட்டும்தான். நாளைக்கு ஒரே கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வேண்டியவர்கள் நீங்கள்.

மாமனார் சொல்லும் வழி. நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு போன் போதும், சீட் 21 ஆகிவிடும். ஆனால் அந்த 21-ஆவது பிள்ளை யார் என்பது அடுத்த நாளே ஸ்டாஃப் ரூமில் தெரிந்துவிடும், ஒவ்வொரு தப்புக் கணக்குக்கும் அந்தப் பார்வையை வாங்கிக்கட்டிக்கொள்வது உங்கள் மகள்தான். அதைவிட, மேலே சொன்ன மூன்று காரணமும் உண்மையாக இருக்கும்போது எதற்கு இன்னொருவர் காலில் விழ வேண்டும்? மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் பேத்திக்கு அந்த நோட்டைக் கொடுத்ததே பெரிய சிபாரிசு என்று.

ஐக்யூ டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த வகைக் கல்வி பற்றிச் சட்டமே இருக்கிறது, பள்ளி மாவட்டங்களில் அப்பீலுக்கென்று எழுதிவைத்த விதி உண்டு, தனியாக எடுத்த சைக்காலஜிஸ்ட் அறிக்கையைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். நம் நாட்டில் அப்படிப் பள்ளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் தனித்திறன் உள்ள பிள்ளைகளைப் பற்றிச் சில பத்திகள் இருக்கின்றன, அதைக் காட்டி ஒரு தனியார் பள்ளியிடம் இடம் கேட்டு வாதாட முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவு பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்குத் தேர்வு வைக்கக்கூடாது என்கிறது, ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளை உள்ளுக்குள் பிரிப்பதைப் பற்றி அது நேரடியாகப் பேசவில்லை. அதனால் வக்கீல் நோட்டீஸ் யோசனை ஏதாவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஆக, திருவனந்தபுரம் போவதற்கு முன் பள்ளியிடம் ஒரே ஒரு கேள்வி: வெளியில் எடுத்த அறிக்கையைப் பார்ப்பீர்களா, மாட்டீர்களா? மாட்டோம் என்றால் பணமும் பஸ் காசும் வீண், பிள்ளைக்கும் இன்னொரு பரீட்சை. பார்ப்போம் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் போங்கள், மகளுக்கு வசதியான மொழியில் பேசுபவராகப் பாருங்கள் (திருவனந்தபுரத்தில் இதைக் கேட்டே ஆக வேண்டும், நம் ஊர்ப் பிள்ளைக்கு மலையாளம் காதில் பழகியிருக்கும், அதற்காக அதில் யோசிக்க வராது). எந்த டெஸ்ட், எந்த வருடப் பதிப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மூரில் இன்னும் நிறைய இடங்களில் மாலின் டெஸ்ட் என்ற பழைய ஐக்யூ டெஸ்ட்தான் எடுக்கிறார்கள், அதன் ஒப்பீட்டு அட்டவணை 1960-களில் போட்டது. தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகள் இந்த மாதிரி டெஸ்டில் கூடுதலாக வாங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள், அதனால் பழைய அட்டவணையில் போட்டுப் பார்த்தால் இன்றைய பிள்ளைக்கு நம்பர் வீங்கித்தான் வரும். அதில் 130 வந்துவிட்டது என்று ஸ்வீட் வாங்க வேண்டாம், விவரம் தெரிந்த குழு அதைக் குறைத்தே எடுத்துக்கொள்ளும். போனில் காசு கட்டி எடுக்கும் ஆன்லைன் ஐக்யூ டெஸ்ட் எதையும் மனுவோடு சேர்த்துவிடாதீர்கள். டெஸ்டுக்கு முன் மாதிரிக் கேள்வி வாங்கிப் பயிற்சி கொடுக்கவும் வேண்டாம். அப்படி வந்த நம்பரைப் படித்து விளக்கம் எழுதும் ஆளுக்கே அது பிரயோஜனப்படாது. ஒரே டெஸ்டை ஒரு வருடத்துக்குள் திரும்ப எடுத்தாலும் இதே கதைதான், பழக்கத்தில் கூடிவிடும்.

நம்பரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நன்றாகத் தயாரித்த, ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து எடுக்கும் ஐக்யூ டெஸ்டில் கூட ஐந்தாறு புள்ளி இப்படியும் அப்படியும் போகும். 127 வாங்கிய பிள்ளைக்கும் 130 வாங்கிய பிள்ளைக்கும் நடுவே உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் சீட் 20 என்றால் கோடு எங்கேயாவது விழத்தான் வேண்டும். 1921-இல் கலிபோர்னியாவில் டெர்மன் என்ற பேராசிரியர் ஐக்யூவை வைத்து ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆயுசு முழுக்கத் தொடர்ந்து பார்த்தார். அந்தத் தேர்வில் கோட்டுக்குக் கீழே போன இரண்டு பையன்கள் ஷாக்லி, அல்வாரெஸ். முதலாமவருக்கு 1956-இல் இயற்பியல் நோபல், இரண்டாமவருக்கு 1968-இல். டெர்மன் பொறுக்கி எடுத்தவர்களில் ஒருவருக்கும் நோபல் வரவில்லை. இதை மனுவில் எழுதாதீர்கள், சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும். கத்தாருக்குப் போன் பேசும்போது சொல்லுங்கள்.

மகள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுங்கள். ‘இல்லை மக்களே, மண்டு இல்லை. அந்தப் பேப்பர் இங்கிலீஷ்ல இருந்தது, சரியாப் பார்த்தாங்களான்னு அம்மா கேட்கப் போறேன்’ என்று சொன்னால் போதும். மனு கொடுப்பதை மறைக்க வேண்டாம், வகுப்பில் யாராவது சொல்லி அவளுக்கு எப்படியும் தெரியவரும். ஆனால் தினமும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவும் வேண்டாம். டெஸ்ட் அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளிடமே ஒருமுறை கேளுங்கள், நீங்களோ நானோ ஊகிக்காத ஒன்றைச் சொன்னாலும் சொல்வாள்: பென்சில் முனை உடைந்தது, காய்ச்சல், பின்னால் இருந்தவன் பேசிக்கொண்டே இருந்தான், இப்படி. அதில் உண்மையானது இருந்தால் மனுவில் ஒரு வரி சேருங்கள், ஜோடிக்காதீர்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு வாங்கப்போகும் அந்தப் புரோகிராமில் என்னதான் நடக்கிறது என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாரத்தில் எத்தனை பீரியட், யார் எடுக்கிறார், எந்தப் பாடத்தை விட்டுவிட்டு இதற்குப் போவார்கள், தனியாக ஃபீஸ் உண்டா, அடுத்த வருடம் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? என் அனுபவத்தில் இந்தப் பெயரில் நடப்பவற்றில் பாதி, ஒலிம்பியாட் புத்தகத்தையும் ஐஐடி ஃபவுண்டேஷன் புத்தகத்தையும் ஐந்தாம் வகுப்புக்கே இறக்கிவைத்து வேகவேகமாக முடிக்கும் டியூஷன்தான். சிரட்டையில் விழும் தண்ணீரைப் பற்றி யோசிக்கிற பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று எனக்குச் சந்தேகம். நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்து, கேள்வி கேட்க விட்டு, ஏதாவது செய்து பார்க்க விடுகிறார் என்றால் கட்டாயம் முயற்சி பண்ணுங்கள். இதைத் தெரிந்துகொண்டு மனு கொடுங்கள், தெரியாமல் கொடுக்காதீர்கள்.

கிடைக்காமல் போனால் வகுப்பு ஆசிரியரிடம் போய், கணக்கில் மட்டும் இவளுக்குக் கொஞ்சம் கடினமானதைக் கொடுங்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இப்போதே பார்க்க விடுங்கள் என்று கேளுங்கள், இதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை. வீட்டில் அந்த நோட்டு நிற்காமல் ஓட வேண்டும். நம் மாவட்டப் பேப்பரில் மழைக்காலத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு என்று அணை நீர்மட்டமும் மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதும் போடுவார்கள், குடைப் படத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதச் சொல்லிப் பாருங்கள். அவள் கேள்விக்கு அவளே விடை கண்டுபிடிக்கக்கூடும்: மழை இல்லாத நாளில் எடுத்த பாலில் அளந்து தண்ணீர் கலந்து ஒரு ஷீட், கலக்காமல் ஒரு ஷீட், தாத்தா ஒத்துக்கொண்டால்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு போன்றது என்றால் நிலைமை வேறு. அது அரசு நடத்துவது, கிடைத்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், ஆகவே விட்டுக்கொடுக்காதீர்கள். தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டால், ஆட்சேபம் சொல்லத் தரும் அவகாசம் சில நாள்தான், அதற்குள் பாடப்புத்தகப் பக்கத்தைக் காட்டி எழுதிவிட வேண்டும். விடைத்தாள் நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே ஒரு சிபிஎஸ்இ வழக்கில் சொல்லியிருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. உங்கள் மகள் படிப்பது தனியார் பள்ளி, டெஸ்ட் நடத்தியதும் தனியார் கம்பெனி என்பதால் சகோதரி, இந்த வழி உங்களுக்கு இல்லை.

மனுவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், ஆபீஸில் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள், கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். முதல்வரைப் பார்க்க நேரம் கிடைத்தால் நீங்கள் மட்டும் போங்கள், மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், மாமனாரையும்.